கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த லினக்ஸ்

என் வீட்டுக்காரரைத் தெருவில் 'பென்குயின்' என்று கூப்பிடுவார்கள். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸின் சின்னம் அது. இவர் நடையும் கொஞ்சம் அப்படித்தான். பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பது இவர் தொழில். கணினியில் லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது பைத்தியம்.

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று லினக்ஸில் பல வகை. எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் பெயரைவிட இந்தப் பெயர்கள்தான் அதிகம் புழங்கின. எது சீக்கிரம் திறக்கிறது, எதில் தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறது என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"பொண்டாட்டியை மட்டும்தான் இன்னும் மாத்தல," என்பேன்.

"அதுக்கு பேக்கப் இல்லையே," என்பார்.

பிறகு கண் டாக்டர், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நிறுத்த மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் அங்கேயே அழுதேன். இவர் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஒப்பிடும் விதமே மாறிவிட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் எந்த லினக்ஸிலும் போட்டுக்கொள்ளலாம். அது எப்போது வாய் திறக்கும் என்பதுதான் கேள்வி. ஒன்றில் கடவுச்சொல் போட்டு உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது. இன்னொன்றில் அப்டேட் முடிந்ததும் குரல் காணாமல் போனது. எவை என்று சொல்ல மாட்டேன், அவற்றின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொன்றையும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சோதிப்பார். என்னைக் கிட்டவே சேர்க்க மாட்டார்.

"நான் படிச்சுச் சொல்ல மாட்டேனா?"

"நீ படிச்சா அது உன் வேலை. எனக்கு என் வேலை வேணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு ஒரு உதவியை வாங்கிக்கொள்ளத் தெரியாது.

கடைசியில் டெபியனில் நின்றார். நிறுவும்போதே பேசுகிறது, அடிக்கடி மாறுவதும் இல்லை. "வீட்டுச் சாமானை யாரும் இடம் மாத்தி வைக்கக் கூடாது. எனக்கு இனிமே அதுதான் முக்கியம்," என்றார். ஒரே ஒரு தொல்லை: கரையையும் கறையையும் அந்தக் குரல் ஒரே மாதிரிதான் படிக்கும். எழுத்தெழுத்தாக நகர்த்தினால் 'வல்லின ற' என்று பெயர் சொல்லும்படி இவரே அதைப் பழக்கிவிட்டார்.

ஒரு நாள் காலையில், "பரீட்சை வை," என்றார். ஜன்னல் வெயில் நேராகத் திரையில் அடித்தது. வழக்கமாக, திரைச்சீலையை இழுக்கச் சொல்லிக் கத்துவார். அன்று கத்தவில்லை. மனுஷன் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேண்டுமென்றே பிழையோடு ஒரு வரி அடித்து வைத்து, கணினியை அணைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் இயக்கினார். குரல் வந்தது. தடவாமல் கடவுச்சொல்லைப் போட்டார், கோப்பைத் திறந்தார். 'ஆற்றின் கறையில் நின்றான்' என்று அது படித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுத்தெழுத்தாகப் போய், 'ற'வை அழித்து 'ர' போட்டுச் சேமித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பாஸ் ஆயிட்டீங்க! போதும், கண்ணைத் திறங்க. நீங்களே பாருங்க."

"திறந்துதாம்மா இருக்கு," என்றார்.