சித்தப்பா கடைந்த சீடி

அந்தச் சீடியின் ஓரத்தில் விரல் வைத்துத் தடவினால் ஒரு பிசிறுகூடத் தட்டுப்படாது. அவ்வளவு சுத்தமாகக் கடைந்திருந்தார் என் சித்தப்பா. வேலைச் சுத்தத்தில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. சீடியை எதற்கப்பா லேத்தில் மாட்டினாய் என்பதுதான் கேள்வி. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் போதும், சாப்பாட்டுப் பந்தியே நின்றுவிடும். முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடும்வரை அதன் பட்டறையில் லேத் என்கிற கடைசல் இயந்திரத்தை ஓட்டியவர் அவர். மூடிய பிறகு பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அதே வேலை கிடைத்தது. அங்கேயே ஆபீஸில் கணினியில் பில் அடிக்க என்னையும் சேர்த்துவிட்டார். வீட்டை மாற்ற வசதியில்லை. அதனால் தினமும் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் போய், மாலை ரயிலில் திரும்பினோம். அந்த வண்டியில் எங்கள் பெட்டி ஒரு தெரு மாதிரி. யார் எங்கே உட்காருவார்கள், யார் சீட்டுக்கட்டு கொண்டுவருவார்கள், யார் வீட்டு எலுமிச்சைச் சாதம் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பாவத்துக்கு எத்தனையோ பேர் எங்களிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பெரிய நாள் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாளில் ரயிலுக்கே பூஜை போடுவோம். வாழைக்கன்று, மாவிலை, வண்ணக் காகிதம், சுண்டல், பொரி, பூசணிக்காய் எல்லாம் ஏறும். மாலூரில் ஏறும் ஒரு கன்னடக்காரர்தான் கமிட்டித் தலைவர். அவர் கொண்டுவரும் பேட்டரி டேப்ரிகார்டரில் பாட்டுப் போட்ட பிறகுதான் தேங்காய் உடைப்பார்கள். அந்த வருஷம் பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சித்தப்பா எழுந்து நின்று அறிவித்துவிட்டார். "இந்த வருஷம் என் பொண்ணு பாடின பாட்டுதான். வேற யாரும் கேசட் எடுத்தாராதீங்க!"

அவர் மகள், என் தங்கை, பெங்களூருவில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் யாரோ அவளை ஒரு அம்மன் பாட்டுத் தொகுப்புக்குக் கோரஸ் பாட அழைத்துப் போனார்கள். ஆறு பெண்களில் ஒருத்தி. பத்துப் பாட்டில் கடைசிப் பாட்டில் மட்டும்தான் அவள் குரல். பாடியவர்களுக்கு ஆளுக்கொரு சீடி கொடுத்தார்கள். வீட்டில் பாடச் சொன்னால் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற பெண் அவள். பெற்ற அப்பா அவள் முழுதாகப் பாடிக் கேட்டதே இல்லை. அந்தச் சீடியை அவர் வாங்கிப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

ரயில் டேப்ரிகார்டருக்காக அதைக் கேசட்டில் பதிய வேண்டும். ஆனால் முதலில் அது பாட வேண்டுமே! பக்கத்து வீட்டில் இருந்த மலிவு விலை வீசிடி பிளேயர், டிக்கெட் வாங்காதவனை இறக்கிவிடுவதுபோல் அதை வெளியே தள்ளியது. ஆபீஸ் கணினியில் போட்டால் உர்ரென்று சுற்றிவிட்டு நின்றுபோனது. அதே சீடி இன்னொன்று வாங்கிப் பார்க்கலாம் என்றால் கடையில் அதன் விலை எங்கள் ரயில் சீசன் டிக்கெட்டைவிட அதிகம். கணினி பழுது பார்க்க வந்தவரிடம் காட்டினேன். "காப்பி எடுக்கக் கூடாதுன்னு பூட்டு வெச்சிருக்காங்க மேடம். நல்ல மியூசிக் சிஸ்டம்ல மட்டும்தான் பாடும். அந்தப் பூட்டு வெளி ஓரத்துல இருக்கும். சில பேர் ஓரத்துல மார்க்கரால கறுப்பா கோடு போட்டு ஏமாத்துவாங்க" என்றார். நான் அதை அப்படியே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாமா இது அநியாயமா கீது! என் பொண்ணு குரலை எங்கிட்டருந்தே பூட்டி வெப்பானா?" என்று கொதித்தார். பிறகு யோசித்தார். "மார்க்கர்லாம் கை பட்டா அழிஞ்சிடும். ஓரத்துலதானே பூட்டு? ஓரத்தையே எடுத்துட்டா?" நான் பயந்துபோய், பாட்டு போய்விடாதா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "ரெக்கார்டு பார்த்ததில்லையா நீ? ஊசி வெளியிலருந்து உள்ளே போவும். மொதல் பாட்டு ஓரத்துல, கடைசிப் பாட்டு நடுவுல. போனா மொதப் பாட்டுல கொஞ்சம் போவும், போவட்டுமே. நம்ம பொண்ணு நடுவுல பத்திரமா கீறா."

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்த வேலை நடந்தது. இரண்டு நைலான் வட்டத்துக்கு நடுவே சீடியை வைத்து இறுக்கி, லேத்தில் மாட்டி, புதிதாகத் தீட்டிய உளியால் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தார். கணினி ஏற்கவில்லை. திரும்பப் போய் இன்னும் இரண்டு எடுத்தார். மூச்சைக்கூட விடாமல் எடுத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த முறை கணினி திறந்தது! திரையில் பத்துப் பாட்டும் வரிசையாக நின்றன. முதல் பாட்டு கணீரென்று ஒலித்தது, ஒரு சொல்கூடச் சேதமில்லை. சித்தப்பா நாற்காலியில் உட்காராமல் ஒரு குத்தாட்டமே போட்டார். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். "நம்ம பொண்ணைப் போடு" என்றார். பத்தாவதை அழுத்தினேன். இரண்டு நொடி வீணை, பிறகு கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன். அந்த வீணைகூட வரவில்லை.

பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டேன். சீடி உள்ளேயிருந்து வெளியே பாடும் என்றார் அவர். ஒன்பது பாட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, மகள் பாட்டை மட்டும் குறி பார்த்துச் சீவி எடுத்திருந்தார் சித்தப்பா. லேத்துக்குக் கீழே கிடந்த மினுமினுப்பான தூளைத் துடைப்பத்தால் கூட்டக்கூட விடவில்லை. மாலை வண்டியில் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், தலைவலி என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. ஹாஸ்டலுக்குப் போன் செய்து தங்கையிடம் சொன்னேன். "அப்பா கடைஞ்சிட்டாரா? லேத்துலயா?" என்று கேட்டவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை. பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. "அப்பா ரொம்ப அழுதாராக்கா?" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பூஜை நாளன்று காலை எங்களோடு வண்டி ஏறினாள். மாலூரில் தலைவர் ஏறினார். டேப்ரிகார்டரை நீட்டி, "ஏன்ரீ, ஹாடு எல்லி?" என்றார், பாட்டு எங்கே என்று. பெட்டியே சித்தப்பாவைப் பார்த்தது. அவர் கையில் தேங்காயோடு எழுந்தார். "பாட்டைக் கடைஞ்சிட்டேம்பா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. லேத் விஷயத்தை நான் சொன்னதும் எழுந்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சீட்டுக்கட்டை நீட்டி, "இதையும் கொஞ்சம் ஓரம் எடுத்துக் குடுண்ணே" என்றார். சித்தப்பாவும் சிரிக்கத்தான் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தங்கை பாட ஆரம்பித்தாள். எழுந்து நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினாள். அவளுக்குத் தெரிந்தது கோரஸ் பகுதி மட்டும்தான். முன்பாட்டு பாடுகிறவர் வர வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்து, ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் எண்ணிவிட்டு, தன் அடி வந்ததும் மறுபடி எடுத்தாள். இடையில் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது சுற்றில் அந்த இடைவெளிகளில் பெட்டி மொத்தமும் கைதட்டித் தாளம் போட்டது. சூடம் எரிந்து அணைந்தே போனது. சித்தப்பா தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓட, வாயெல்லாம் பல்லாக நின்றார். தலைவர் அவர் தோளை உலுக்கி, ஒடைங்க சார், ஒடைங்க என்றார்.

போன மாதம் அந்தப் பாட்டு என் கைப்பேசியிலேயே கிடைத்தது. பூட்டும் இல்லை, காசும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சித்தப்பாவின் காதருகே வைத்தேன். வீணை, தபலா, முன்பாட்டுக்காரரின் கம்பீரமான குரல், ஆறு பெண்கள் என எல்லாம் பளிச்சென்று கேட்டது. "முழுப் பாட்டு சித்தப்பா. அன்னைக்கு நீங்க சீவினதே இதைத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டார். முகம் சுளித்தது.

"நம்ம பொண்ணு பாடும்போது இவங்கல்லாம் யாரும்மா குறுக்க குறுக்க? அன்னைக்குக் கடைஞ்சதுல தப்பே இல்ல. அணைச்சிடு."