சக்கரக் கூட்டில் ஊற்றிய தண்ணீர்

மழையில் எங்கள் காரில் போனால் உள்ளே இருப்பவர்களும் நனைவார்கள். தண்ணீர் மேலே இருந்து வராது, கீழே இருந்து வரும். பின்சீட்டின் இரண்டு ஓரத்திலும் சக்கரத்துக்கு மேலே கவிழ்த்துப் போட்ட கூடை மாதிரி ஒரு தகரக் கூடு இருக்கும். சக்கரம் அதற்குள்தான் சுற்றும். கரிசல் பாதையில் ஓடி ஓடி அதன் இடுக்கெல்லாம் சகதி அடைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, தகரத்தைத் துரு தின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒரு தடவை கல்யாணத்துக்குப் போன ஒரு அம்மாவின் பட்டுச்சேலையில் எம்.ரெட்டியபட்டி ரோட்டுச் சகதி அள்ளி அப்பியது மாதிரி ஒட்டிக்கொண்டது. அவர் கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்கு ஆறியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல் முந்தானையை உதறிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். வெள்ளை அம்பாசிடர். எங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்வேனே தவிர, அதில் நான் ஏறிப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாசி மாதம் சிவராத்திரிக்கு ஊரே அவரவர் குலசாமி கோயிலுக்குக் கிளம்பும். எங்கள் காரும் கிளம்பும், வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு. எங்கள் குலசாமி திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடைக்கரையில் இருக்கிறது. அம்மாவும் நானும் தங்கச்சியும் பஸ்ஸில் போய் இறங்கி, பொங்கல் பானையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடப்போம். கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் நடந்து வருவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருசம் அப்பா அதிசயமாக ஒன்று சொன்னார். இந்தச் சிவராத்திரிக்கு வாடகை எடுக்கப்போவதில்லை, நம் வண்டியில் நம் சாமியைப் பார்க்கப் போகிறோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வகுப்பில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஏன் இந்த வருசம் மட்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, பாளையம்பட்டியில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். காரை அங்கே கொண்டுபோய் விட்டோம். மாமா ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கூட்டைக் குத்தினார். அது முறுக்கை உடைப்பது போல உள்ளே போனது.

ஓட்டை மேல் ஒரு தகரத்தை ஒட்டி, மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் ரெண்டே நாளில் எடுத்துப் போகலாம் என்று மாமா சொன்னார். வெளியே இருந்து பார்த்தால் எமனுக்குக்கூடத் தெரியாதாம். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. அப்பா மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேண்டாம் மாப்ள. வெட்டி எடுத்துட்டு முழுசாப் புதுத் தகடு வையி. பின்னாடி புள்ளைக உக்காரும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீகளா மச்சான்?" என்று மாமா அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பின்சீட்டு வெளியே வந்தது. நெருப்பு வைக்கிற இடத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கக்கூடாது என்று அதையும் இறக்கித் தள்ளி வைத்தார்கள். சக்கரங்களைக் கழற்றி, காரை மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார்கள். பிறகு துருப்பிடித்த கூட்டை உளியால் வெட்டி வெட்டி எடுத்தார்கள். பின்பக்கம் பார்த்தால் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. புதுக் கூடு கடையில் கிடைக்காது. மாமா பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி அளவு எடுத்து, அந்த அளவுக்குத் தகட்டை வெட்டி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே வளைத்தார். ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆனது.

நான் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்துவிடுவேன். இன்றைக்கு முடியுமா, நாளைக்கு முடியுமா என்று கேட்டு மாமாவின் உயிரை வாங்குவேன். சிவராத்திரிக்கு எட்டு நாள், ஆறு நாள், நாலு நாள் என்று குறைந்துகொண்டே வந்தது. வலது பக்கக் கூடு முடிந்துவிட்டது. இடது பக்கம் பற்ற வைக்க வேண்டும்.

அங்கேதான் என்னால் பொறுக்க முடியாத ஒரு சங்கதி இருந்தது. மெல்லிய தகட்டை ஒரே இழுப்பில் கோடு போட்ட மாதிரி பற்ற வைக்க மாட்டார்கள். சூட்டில் நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு என்று வெல்டிங் வைத்துவிட்டு, அது தானாக ஆறும்வரை காத்திருப்பார்கள். மாமா நாலு பொட்டு வைப்பார், பீடி பற்ற வைப்பார். நாலு பொட்டு வைப்பார், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவார். ஒரு பொட்டு ஆறுவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும்.

சிவராத்திரிக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா அருப்புக்கோட்டைக்கு பெயிண்ட் வாங்கப் போயிருந்தார். மாமா கடைசியாகப் பொட்டுகளுக்கு நடுவே விட்ட இடத்தையெல்லாம் வெல்டிங் வைத்து நிரப்பிவிட்டு, "தொட்டுராத, ஆறட்டும்" என்று சொல்லி டீக்கடைக்குப் போனார். தகடு ஓரத்தில் இன்னும் சிவப்பு மறையவில்லை.

பட்டறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. மாமா சூடான குறடை அதில் முக்குவார். சொய்ங் என்று சத்தம் கேட்கும், அடுத்த நொடியே கையால் பிடிப்பார். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். குறடு ஆறும் என்றால் தகடும் ஆறத்தானே வேண்டும்? இவ்வளவு சுலபமான வழி மாமாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. தகர டப்பாவில் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினேன். ஒரு டப்பா போதவில்லை. மூன்று டப்பா ஊற்றினேன்.

ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அதற்குள் இருந்து டப், டப் என்று சத்தம் வந்தது. ஆவி விலகியபோது பற்ற வைத்த இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. தகட்டின் ஓரம் எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்து, காரின் உடம்பை விட்டுத் தள்ளி நின்றது.

மாமா சத்தம் கேட்டு ஓடி வந்தார். "ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?" என்று கையை ஓங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓங்கிய கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி வெட்ட வேண்டும். மறுபடி தகடு, மறுபடி நாலு நாள்.

அப்பா பெயிண்ட் டப்பாவோடு வந்தார். மாமா நடந்ததைச் சொன்னார். அப்பா கீழே உட்கார்ந்து, நெளிந்த தகட்டை விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் விழவில்லை.

"விடு மாப்ள. சின்னப்பய, தெரியாமப் பண்ணிட்டான்," என்றார் அப்பா. "சாமிக்கு பஸ்ஸுல போய்க்கிறோம்."

"அதுக்கில்ல மச்சான், அந்த ஆளு..." என்று மாமா ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பெயிண்ட் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்.

சிவராத்திரிக்கு பஸ்ஸில்தான் போனோம். நிற்கக்கூட இடமில்லை. வழியெல்லாம் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வகுப்பில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதே என் கவலை. அந்த வருசம் பொங்கல் பானையை அப்பா சுமந்தார். ஓடைக்கரை வந்ததும் கோயிலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்து ஒரு நிமிசம் நின்றார். பானை கனக்கிறது போல என்று நினைத்து, ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரம் கார் தயாரானது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா சாவியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பழங்கள் நசுங்க, கார் ரோட்டில் ஏறிப் போனது. நான் கையாட்டினேன். சாயங்காலம் வந்துவிடுமா என்று அப்பாவைக் கேட்டேன். "வா, பஸ்ஸு வந்துரும்," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

எங்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோக்கள் வந்த பிறகு அப்பாவின் காரைக் கூப்பிட ஆள் குறைந்துவிட்டது. அதை அவர் சிவராத்திரிக்கு முன்பே விலை பேசிவிட்டார். இதை வெகு காலம் கழித்து மாமாதான் எனக்குச் சொன்னார். வாங்குகிறவர் உடனே வேண்டும் என்று நின்றாராம். சிவராத்திரி கழியட்டும், ஒரே ஒரு தடவை என் வண்டியை என் சாமி முன்னால் நிறுத்திவிட்டுத் தருகிறேன் என்று அப்பா கேட்டு வாங்கிய நாட்களாம் அவை.

அந்த பஸ்ஸில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள உரிமை உள்ள ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.