மூன்றாம் முறையும் எரிந்து வந்த வூஃபர்

போன வருடம் சித்திரை வெயில் நேரம், கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் ஒலிக்கருவி திருத்தும் கடையில் தொடங்கியது இது. தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பு முடித்து, ஸ்பீக்கருக்குக் கம்பிச் சுருள், எங்கள் பேச்சில் கொயில், சுற்றும் மேசை என் கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மல்லாவியிலிருந்து அக்கராயன் வழியாக வரும் தனியார் பஸ் ஒன்றின் சப்வூஃபர், அதாவது பேஸ் அதிர்வைத் தரும் பெரிய ஸ்பீக்கர், மூன்றாம் முறையாக எரிந்து வந்தது. முன்பு இரண்டு முறையும் கொயில் சுற்றிக் கொடுத்தவள் நான்.

“தங்கச்சி, ஆயிரம் வாட்ஸ் எண்டு எழுதியிருக்கு. என்ர பாட்டுச் செற் அதில அரைவாசியும் வராது. பிறகேன் எரியுது?” என்றார் சாரதி.

முதலாளி என்னைப் பார்த்தார். “இன்னொருக்கா எரிஞ்சால், நீர் முன்னுக்கு வந்து ஃபோன் கவர் வித்துக்கொண்டு இரும்.” சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

எனக்கு எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் பிடிபடும். வூஃபரின் அதிரும் கூம்பு அளவுக்கு மீறி ஓடியிருந்தால் கொயில் அடிபட்டு நசுங்கியிருக்கும். இது நசுங்கவில்லை, சுற்றிவரக் கருகியிருந்தது. ஆக, காரணம் சூடு. செற்றை வாங்கி அளந்தேன், அதில் குறையில்லை. கம்பியின் தடிப்பும் சரி. அப்படியென்றால் கொயிலில் பிறக்கும் சூடு வெளியே போகவில்லை. ஏன் என்பது மேசையில் தெரியவில்லை. புதிதாகச் சுற்றி முடித்ததும், “நானே வந்து பஸ்ஸில பூட்டுறன். மல்லாவி வரைக்கும் பக்கத்திலயே இருந்து பாக்கிறன்” என்றேன்.

பின் இருக்கைக்குக் கீழே பெட்டி. வூஃபரைத் தலைகீழாகப் பூட்டி, காந்தம் வெளியே தெரிய, அதைச் சுற்றி நீல லைற் போட்டிருந்தார்கள். நடத்துநர் என் அப்பா வயதுக்காரர். “ரிக்கற் ரெண்டு தரட்டோ பிள்ளை? உமக்கு ஒண்டு, பேஸுக்கு ஒண்டு” என்றார்.

அக்கராயன் தாண்டிக் கிரவல் றோட்டு வந்தது. செம்புழுதி உள்ளே ஏற, நடத்துநர் ஒட்டும் கறுப்பு ரேப்போடு வந்து குனிந்தார். காந்தத்தின் நடுவில் இருந்த ஓட்டையை வடிவாக மூடி ஒட்டினார்.

“என்னண்ணை செய்யிறியள்?”

“மண் போயிடும் பிள்ளை. நீர் பாடுபட்டுச் சுத்தித் தாறது பழுதாகக் கூடாதெல்லோ. கடைக்குக் கொண்டு வரேக்க உரிச்சு, துடைச்சுத்தான் தாறனாங்கள்.”

கை பரபரத்தது. ஆனாலும் ரேப்பை நான் கழற்றவில்லை. எனக்குச் சாட்சி வேண்டும். மல்லாவியில் இறங்கியதும் வயரைக் கழற்றி மீற்றரை வைத்தேன். கொயில் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். முள் எங்கேயோ போய் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியிருந்தால் என் மேசையும் போயிருக்கும்.

“அந்த ஓட்டையாலதான் அது மூச்சு விடுறது. கூம்பு அசையேக்க சூட்டுக் காத்து வெளியால போய், குளிர்க் காத்து உள்ள வரும். ஆயிரம் வாட்ஸ் எண்டது மூச்சு விடுற வூஃபருக்கு” என்றேன்.

நடத்துநர் ரேப் உருளையைப் பார்த்தார். “அப்ப நான்தான் மூக்கைப் பொத்தினனானோ?”

“இனி அதை உன்ர வாயில ஒட்டு” என்றார் சாரதி.

அங்கேயே வூஃபரைத் திருப்பிப் பூட்டச் சொன்னேன். காந்தம் பெட்டிக்குள்ளே போனால் புழுதி படாது. பின் பலகைக்கும் ஓட்டைக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி இருந்தது, அது போதும். “ஷோ போச்சே” என்று நடத்துநர் முனகினார். நான் விடவில்லை. திரும்பி வரும்போது அதே பாட்டை, அதே சத்தத்தில், கிளிநொச்சி வரை போடச் சொன்னேன். கடை வாசலில் மீற்றரை வைத்தபோது முள் மல்லாவியில் ஏறியதில் பாதிக்கும் கீழேதான் ஏறியிருந்தது. முதலாளியும் எட்டிப் பார்த்தார். உள்ளே போய், சுற்றுவதற்கு அடுத்த ஸ்பீக்கரை என் மேசையில் வைத்தார்.

அந்த வூஃபர் பிறகு கடைக்கு வரவில்லை. ஒரு ஸ்பீக்கரைக் காட்டி, இது எத்தனை வாட்ஸ் தாங்கும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், அதை எங்கே வைத்திருக்கிறார்கள், எதனால் மூடுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் காந்தத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்க்கிறேன்.