பின்னலைப் பிடித்திருந்த கை

இத்தாலியில், சீசா என்ற பகுதியில் நான் வேலை செய்த வீட்டு அம்மாள் சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. அவருடைய பாட்டனார் வாலிபத்தில் கப்பலேறி, ஆர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில் ஆட்டுப்பண்ணை போட்டவர். படம் பிடிக்கும் பெட்டியும் கொண்டுபோனாராம். அவர் எடுத்த படங்கள் கண்ணாடித் தகடுகளாக ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. சிஞ்ஞோராவின் மகன் அவற்றிலிருந்து கண்காட்சி வைக்கப் போவதால், தூசி துடைக்கும் வேலை என்னிடம் வந்தது.

கறுப்புத் துணியின் மேல் வைத்தால்தான் உருவம் தெரியும். ஒரு தகட்டில் அந்த மண்ணின் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, புதிதாக அடித்த கம்பிவேலிக்கு முன்னால் நின்றாள். ஓரத்திலிருந்து நீண்ட ஓர் ஆணின் கை அவள் பின்னலை இறுக்கிப் பிடித்திருந்தது. குழந்தையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை.

“இதென்ன கை, சிஞ்ஞோரா?”

“அந்தக் காலத்திலை அசையாமல் நிக்கோணும். அவள் நிக்கேல்லை. அதுதான் வேலைக்காரனைக் கொண்டு பிடிப்பிச்சவர். குழந்தை அசைஞ்சு அழிஞ்சுபோச்சு.”

பிஸ்கோத்தைப் பாலில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

“பிறகு அவைக்கு என்ன நடந்தது?”

“ஆட்டுக்கு நிலம் தேவைப்பட்டது. கலைச்சுவிட்டவை. நல்ல பனிக்காலமாம். எவ்வளவு தூரம் போயிருக்கப்போகினம்.”

ஊரில் எங்கள் வீட்டு வளவையும் ஆமி வேலி போட்டு எடுத்தது. அதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அதாலைதானே இஞ்சை வந்து சேர்ந்தாய். உனக்கு நல்லதுதான் நடந்திருக்கு. ஜன்னலையும் துடை.”

கண்காட்சியன்று சிஞ்ஞோராவின் சக்கர நாற்காலியைத் தள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். அந்தப் படம் சுவரளவு பெரிதாகத் தொங்கியது. கையைக் காணவில்லை. மகன் கொம்பியூட்டரில் அழித்திருந்தார்.

“எவ்வளவு அமைதியாய் நிக்கிறாள்,” என்றார் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள்.

“ஒருத்தன் அவளின்ரை தலைமயிரைப் பிடிச்சிருந்தவன். அதை அழிச்சுப்போட்டினம்,” என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலியனில்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா சிரித்தார்.

“இவள் எங்கடை வீடு துடைக்கிறவள். துடைச்சுத் துடைச்சுக் கண்ணிலை பிசகு.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. நாற்காலிப் பிடியை என்னிடமிருந்து வாங்கி, “வீட்டுத் திறப்பைத் தந்திட்டுப் போ, இனி வரவேண்டாம்,” என்றார் மெதுவாக.

வீட்டில் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “அந்தப் பொம்பிளை செத்து எவ்வளவு காலம். நீர் வாய் திறந்து அவளுக்கு என்ன வந்தது? இஞ்சை தங்கிற எங்கடை பெர்மெசோவுக்கு இனி ஆர் வேலைக் கடிதம் தருவினம்?”

தெரிந்த வீடுகளிலெல்லாம் சிஞ்ஞோரா வீட்டார் முந்திக் கதைத்துவிட்டார்கள், வாய்க்காரி என்று. குளிர்காலம் முழுக்க வேலை இல்லை. இப்போது நகரின் மறுகோடியில், பிரான்காச்சோவில் ஒரு பட்டறையின் கக்கூசு கழுவுகிறேன். அங்கே ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை.