லிஃப்டில் நான் சர்வேயர்

பன்னிரண்டு வருடங்கள் கோல்ஃப் அடித்துப் பிழைத்திருக்கிறேன். பேப்பரில் என்னைப் பற்றி வரும்போதெல்லாம் 'தூர அடிக்காரர்' என்றுதான் போடுவார்கள். எத்தனையாம் இடத்தில் முடித்தேன் என்று போடாதது அவர்களுடைய பெருந்தன்மை. ஒரே வீச்சில் பந்தை முந்நூறு யார் தூரத்துக்கு அனுப்பிவிடுவேன். பிறகு குழிக்கு இரண்டடி தள்ளி நிற்கும் பந்தை மெதுவாகத் தட்டி உள்ளே விடச் சொன்னால் அது குழியைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். மூன்று பயிற்சியாளர்கள் இந்தக் குறையைக் கண்டுபிடித்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரான அப்பாவுக்கு என் தொழிலை வெளியே சொல்ல வெட்கம். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டட லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் ஒருவருடைய படிப்பு, வேலை, கலியாணம் மூன்றையும் விசாரித்து முடித்துவிடுவார்கள். ஒருநாள் மூன்றாம் மாடி அன்ரி என் நீளப் பையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி என்ன வேலை செய்யிறார்?"

அப்பாவும் பையைப் பார்த்தார். "சர்வேயர்," என்றார்.

அன்றிலிருந்து நான் பையோடு கிளம்பினால் அப்பா என்னுடன் லிஃப்டில் ஏற மாட்டார். அது போய்த் திரும்பி வரும் வரைக்கும் காத்து நிற்பார். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. எனக்குக் கோபம்தான். ஒவ்வொரு காலையும் அதைப் பந்தில் காட்டினேன். தூரம் இன்னும் கூடியது.

இரண்டாம் மாடி அங்கிளுக்கு ஹெந்தளையில் கடற்கரையோடு ஒரு காணி. பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாராம். என்னைச் சாமான்களோடு கூட்டிவந்து அளந்து தரும்படி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒருக்கா வா. மழை வரும்போல கிடக்கு எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பியிடுவம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. காணியில் அங்கிள் ஆசையோடு பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே பதினான்கு மட்டைகள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவருடைய பொய்க்கு எல்லைக்கல் நட என்னால் முடியவில்லை.

"அங்கிள், நான் சர்வேயர் இல்லை. கோல்ஃப் அடிக்கிறனான். அதுதான் என்ர தொழில்."

அங்கிள் ஒரு மட்டையை உருவித் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு தூரம் போகும்?"

கடலில் படகு எதுவும் இல்லை. மணலில் பந்தை வைத்து, பெரிய மட்டையை எடுத்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். பந்து தென்னைகளுக்கு மேலால் போய்க் கடலுக்குள் எங்கோ விழுந்தது. அளக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து நின்ற பக்கத்துக் காணிக்காரர் "அம்மோ!" என்று வேலியைப் பிடித்தார். வழக்குக்குரிய வேலி அது. அங்கிளும் அதைக் கவனிக்கவில்லை. அப்பா நெற்றியில் கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கிள் அதோடு விடவில்லை. இரண்டடி தள்ளி ஒரு தேங்காய்ச் சிரட்டையை மணலில் புதைத்தார்.

"சரி, இதுக்குள்ள விடுங்கோ பாப்பம்."

இன்னொரு பந்தை எடுத்துத் தட்டினேன். அது சிரட்டையின் விளிம்பில் பட்டு விலகிப் போனது. மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது அப்பா அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்காமல் என்னுடன் ஏறினார். உள்ளே மூன்றாம் மாடி அன்ரி.

"தம்பி காணியை அளந்திட்டாரோ?"

"இவர் சர்வேயர் இல்லை," என்றார் அப்பா. "நான் பொய் சொன்னனான். இவர் கோல்ஃப் ஆட்டக்காரர். தூரத்துக்கு நல்லா அடிப்பார். கிட்டத்திலதான் சரிவராது. அது என்ர பக்கத்தால வந்தது."

அன்ரி வாழ்க்கையில் முதல் முறையாக மேலே ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். ஐந்தாம் மாடி வந்ததும் அப்பா பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து நடந்தார். கேட்டாலும் தரமாட்டார் என்று தெரிந்ததால், நான் பின்னால் நடந்தேன்.