எழுந்து நின்று பேசுகிறவர்

அக்கா எழுந்துவிட்டார் என்றால், போனின் மறுமுனையில் வாங்கக்கூடிய ஆள் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம். காதில் மாட்டிய கருவியின் கம்பி இழுபட, இடது கையால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டுதான் பேசுவார். “உக்காந்து பேசினா குரல்லயும் சோம்பல் வந்து உக்காந்துக்கும்” என்பது அவர் கட்சி. வேண்டாம் என்று சொல்லப் போகிறவர்களிடம் மட்டும் உட்கார்ந்தபடியே, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு பேசுவார். அன்றைய வியாபாரம் எப்படி என்று அந்த அறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அக்கா நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தால் போதும்.

கிடங்குகளில் பாரம் ஏற்றி இறக்கும் வண்டிகளை விற்கிற நிறுவனம் அது. தொலைபேசியில் ஆள் பிடிப்பது அக்காவின் பிரிவு. முன்பெல்லாம் டைரக்டரியைத் திறந்து, மேலிருந்து கீழே ஒருவர் விடாமல் கூப்பிட வேண்டும். பூக்கடைக்காரர், பல் டாக்டர், கல்யாண போட்டோ எடுப்பவர் என்று பாரத்துக்கும் தங்களுக்கும் ஒட்டும் உறவும் இல்லாதவர்களிடம் எல்லாம் வண்டியின் பெருமை பேசிப் பேசியே அக்காவின் தொண்டை போனது. எதிரில் எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கரகர அக்கா’. பேச்சைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், “பேசுறதுக்குத்தானே டாக்டர் எனக்குச் சம்பளமே!” என்றாராம்.

அதன் பிறகுதான் முதலாளியை நச்சரித்து ஒரு மென்பொருளை வாங்க வைத்தார். இதுவரை யார் யார் வாங்கினார்கள் என்று பார்த்து, அவர்களைப் போன்ற மற்றவர்களை அது தேடித் தரும். தானே மின்னஞ்சல் அனுப்பும். யார் திறந்தார், எப்போது திறந்தார், மறுபடி வந்து படித்தாரா என்றெல்லாம் கவனித்து மதிப்பெண் போடும். முதல் மதிப்பெண் வாங்கியவரை முதலில் கூப்பிட்டால் போதும். பெயர்மீது தட்டினால் எண்ணையும் அதுவே சுற்றிக்கொள்ளும். கடுதாசிப் பை தொங்காத தபால்காரர் என்று அக்கா அதற்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார். முதலாளிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. ஒண்ணும் ஆகலன்னா மறுபடி டைரக்டரிதான்” என்று சொல்லிவிட்டார். இன்னொரு முறை டைரக்டரி என்றால் தன் தொண்டை தாங்காது என்பது அக்காவுக்குத் தெரியும்.

அதனால் அந்த மென்பொருளின் பட்டியலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மூடிப்போன கடை, மாறிப்போன எண், ஒரே ஆள் இரண்டு பெயரில் என்று அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எறிந்தார். மின்னஞ்சலின் முதல் வரியை மட்டும் யாரிடமும் விடமாட்டார், தானேதான் எழுதுவார். ‘நேற்று வெயில் கொளுத்திவிட்டதே, எப்படி இருக்கிறீர்கள்? வேலைக்கு நடுவில் கொஞ்சம் உட்கார நேரம் கிடைத்ததா?’ அதற்கு அப்புறம்தான் வண்டிப் பேச்சு. “எடுத்த எடுப்புலயே விலையச் சொன்னா எவன் படிப்பான்? மனுஷன மொதல்ல மனுஷனா விசாரிக்கணும்” என்பார்.

இப்படி ஊரையே விசாரிக்கிறவர் வீட்டுக்கு வரும்போது குரலில் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. அங்கே கைஜாடைதான். கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டினால் ‘சாப்பிட வாங்க’ என்று பொருள். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அவரும் பிறவியிலேயே பேச்சில் சிக்கனம். போனை எடுத்தால் ‘ஹலோ’கூடக் கிடையாது, ஒரு ‘ம்’தான். மனைவிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பார், டிவியின் சத்தத்தைக் குறைப்பார். குறை என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மாதக் கடைசியில் முதலாளி அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பட்டியலில் எல்லோரையும் எங்கோ பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு நிறுவனம் முதலிடத்தில் இருந்தது. வந்த மின்னஞ்சல் ஒன்று விடாமல் திறந்திருக்கிறார்கள். சிலவற்றைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்கள்.

“இந்த ஆள விட்டுடாதீங்கம்மா! ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.”

அக்கா எழுந்து நின்றார். பெயர்மீது தட்டினார். மணி அடித்தது. “ம்” என்றது மறுமுனை. அந்த ‘ம்’ எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. ஆனால் வாய் அதற்குள் பழக்கத்தில் ஓடிவிட்டது.

“வணக்கம் சார், எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன். இப்பதான் கடைசி ஸ்டாப்புல வண்டிய நிறுத்தினேன். மெயில்லயும் தெனம் இதத்தான் கேட்டிருந்த. பதில் போட்டா உன் வேலைக்கு எடைஞ்சலாயிடுமோன்னு போடல.” கொஞ்சம் நிறுத்தி, “தொண்டை எப்படி இருக்கு?” என்றார்.

ஆரம்பத்தில் மின்னஞ்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, இல்லாத நிறுவனம் ஒன்றின் பெயரைப் போட்டுக் கணவரின் மின்னஞ்சல் முகவரியையும் போன் எண்ணையும் சேர்த்திருந்தார் அக்கா. எடுக்க மறந்துபோனார். அத்தனை கல்லைப் பொறுக்கியவர், தன் வீட்டுக் கல்லை விட்டுவிட்டார். “நீங்களாங்க... அப்புறம் பேசுறேன்” என்று வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே, “எங்க வீட்டுக்காரர் சார்” என்றார்.

முதலாளி மேசைமேல் கிடந்த டைரக்டரியைப் பார்த்தார். “அப்போ உங்க கம்ப்யூட்டர் என்னம்மா கணக்குப் பண்ணுது?”

“யாரு ஆசையாப் படிக்கிறாங்கன்னு கேட்டேன் சார். சரியாத்தான் சொல்லியிருக்கு. என்ன ஆசைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது நான் பாத்திருக்க வேண்டியது” என்றார் அக்கா. “ரெண்டாவது ஆளக் கூப்பிடட்டுமா?”

இரண்டாவது, ஒரு குளிர்பதனக் கிடங்கின் பெண் மேலாளர். “நானே கூப்பிடணும்னு இருந்தேன். தூக்கித் தூக்கி எங்க ஆளுங்களுக்கு முதுகே போச்சு. நாளைக்கே வண்டியக் கொண்டாந்து காட்டுங்க” என்றார். ஸ்பீக்கர் அணைந்ததும் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்த டைரக்டரிய எடைக்குப் போட்டுடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கணவரின் முகவரியை அக்கா அன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். நீக்குவதற்கு முன், அவர் எந்த நேரத்தில் மின்னஞ்சலைத் திறக்கிறார் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் மதியம், பேருந்து கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேருகிற அந்த வேளையில், காதுக் கருவியைக் கழற்றி வைக்கிறார். தன் சொந்தப் போனை எடுத்து எண்ணைத் தன் விரலாலேயே அழுத்துகிறார். பிறகு இடது கையால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எழுந்து நிற்கிறார்.