ப்ளெக்ஸில் அம்மாவுக்கு நெக்லஸ், பர்ஸில் பிரியாவின் சீட்டு

இன்று காலை ப்ளெக்ஸ் கடையில்...

"அம்மா கழுத்து வெறுமையா இருக்கே. ஒரு நெக்லஸ் போட்டுரவா?" என்று கேட்டார் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அண்ணன்.

ஒரே கிளிக்! (கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா வாங்கித் தராததை அந்த அண்ணன் ஒரு நொடியில் போட்டுவிட்டார்.)

எங்கள் அம்மா போய் இன்றோடு பதிமூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்குத்தான் இந்த ப்ளெக்ஸ். பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி!

வில்லாபுரத்தில் அப்பா வீட்டு முன்சுவரே அவ்வளவு அகலம் கிடையாது.

அம்மாவுக்கென்று ஒரு நல்ல போட்டோ இல்லை. ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி, பட்டுச்சேலை கட்டிய யாரோ ஒரு பொம்பளை உடம்பில் ஒட்டினார்கள். அதில் அம்மா பயந்துபோய்ப் பார்க்கிறாள். (ஆதாரில் யார்தான் பயப்படாமல் இருக்கிறோம்!)

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கவலை வேறு.

"ஏப்பா, எம் படத்தப் பெருசா போடு. கையெடுத்துக் கும்புடுற மாதிரி. மீசையக் கறுப்பாக்கிவிடு."

"பெரியம்மாவ விடப் பெருசாவா பெரியப்பா?"

"அவ போய்ச் சேந்துட்டா. நாலு பேரு மொகத்துல முழிக்கப்போறது நாந்தான?"

அந்த நேரம் என் பர்ஸில் அம்மாவின் தோடு இருந்தது. நிஜத் தோடு. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே தங்கம். அது என்னிடம் இருப்பது அப்பாவுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அம்மா அவளே கழற்றிக் கொடுத்தாள். "ஈசு, இத வித்துச் சின்னவள நர்சிங்ல சேத்துவிட்டுரு. ஒங்கப்பாட்ட குடுத்துறாதடி."

சின்னவள் என் தங்கச்சி பிரியா. பிளஸ் டூ முடித்துவிட்டாள். பரவை தாண்டி ஒரு காலேஜில் சீட்டு கிடைத்திருக்கிறது. முதல் பணம் கட்ட இன்று சாயங்காலம் நாலு மணிதான் கடைசி. கட்டாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அப்பாவை மட்டும் குற்றம் சொன்னால் பாவம்.

என்னை எட்டாவதோடு நிறுத்திப் பாத்திரக் கடைக்கு வேலைக்கு அனுப்பியது அம்மாவும் சேர்ந்துதான். அந்த வருஷம் அப்பாவுக்குத் தெருத் திருவிழாக் கமிட்டியில் பதவி. பந்தல், ரேடியோ செட்டு எல்லாம் அவர் செலவு. (என் சம்பளத்தில்!) நான் அழுதேன். "ஆம்பள நாலு பேரு முன்னால தலகுனியக் கூடாதுடி," என்றாள் அம்மா.

அவர் தலை குனியவே இல்லை. நாங்கள்தான் இன்னும் நிமிரவில்லை.

போன திருவிழாச் செலவுக்கு மிச்சம் பிடிக்க அம்மா சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்து உடைத்துத் தின்றிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கைத்தான் தினமும் கூட்டித் துடைக்கிறேன். கேட்டிருந்தால் அங்கே டாக்டரிடம் சொல்லி ஏதாவது வாங்கியிருப்பேன். கேட்கவில்லையே அவள்!

சரி, கடைக்கு வருகிறேன்.

அடியில் குடும்பத்தார் பேர் போட வேண்டும். அண்ணன் கேட்டார், "பிரியா பேருக்குப் பக்கத்துல படிப்பு எதுவும் போடணுமா?"

"பி.எஸ்சி. நர்சிங்னு போடு!" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா, இன்னும் பணமே கட்டலையேப்பா!"

"போட்டா என்ன? வாரவன் காலேஜுக்குப் போயா கேட்டுட்டு வருவான்?"

"அப்பச் சேத்தே விட்டுருவோம்ப்பா. இன்னைக்குத்தான் கடைசி."

"அடுத்த வருசம் சேத்துக்கலாம் ஆத்தா. ஒங்கம்மா காரியம் அடுத்த வருசம் வருமா?"

டிசைன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெல்ல அந்த எழுத்தைத் தட்டினார். என் தங்கச்சி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நர்ஸ் ஆகிவிட்டாள்!

"சரி, தோட்ட எடு," என்று கையை நீட்டினார் அப்பா. "வித்தாத்தான் இவனுக்குக் குடுக்க முடியும். சமையக்காரனுக்கும் அட்வான்ஸ் குடுக்கணும். கறிச் சோறு போடலன்னா மானம் போயிரும்."

பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"நா போயி வித்துட்டு வாரேன்ப்பா. நீங்க இருந்து மீசையப் பாத்துக்கங்க."

அவர் அதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். "இன்னுங் கொஞ்சம் கறுப்பு ஏத்துப்பா..."

நான் பொய் சொல்லவில்லை. போனேன். விற்றேன். திரும்பி வரவில்லை, அம்புட்டுத்தான்!

இப்போது நானும் பிரியாவும் பஸ்ஸில். மணி இரண்டே முக்கால். அப்பா ஒன்பது தடவை போன் அடித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பிரியா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"அக்கா, அப்பா வீட்டுல விடமாட்டாருக்கா."

"எங்க வீட்டுல இருந்துக்க."

"மாமா என்ன சொல்லுவாரு?"

(என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவே இல்லை. இந்தப் பதிவைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்!)

ஞாயிற்றுக்கிழமை காரியத்தில் சொந்தம் பூராவும் என்னைத்தான் பேசும். அம்மா காரியத்துக்கு வைத்த பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் என்று. பேசட்டும். ஒரு வாழைப்பழமும் ஊதுபத்தியும் நான் வாங்கி வைப்பேன். அம்மாவுக்கு அது போதும், எனக்குத் தெரியும்.

ஆனால் இப்போது வேறு பயம். அதற்குத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரியா காலேஜில் கொடுக்க வேண்டிய ஃபாரத்தைக் காட்டினாள். கடைசியில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து" என்று இருக்கிறது. அம்மா இல்லை. அப்பா வரமாட்டார்.

கூடப் பிறந்த அக்கா போட்டால் ஒத்துக்கொள்வார்களா? ஆதார், ரேஷன் கார்டு ஏதாவது கேட்பார்களா? என் பேர் கல்யாணத்துக்கு அப்புறம் வேறு கார்டில் இருக்கிறதே?

எனக்குக் கையெழுத்து என்றால், பேரைத் தமிழில் முழுசாக எழுதுவதுதான்.

அது செல்லுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், பரவை வந்துவிட்டது!